விதைக்குக் கூட்டுப் பட்டா: பயிர் ரகப் பதிவில் இணை உரிமை

1. அளக்க முடியாத சொத்து

கூட்டுப் பட்டாவில் பெயர் இருப்பவருக்கு நிலம் இருக்கிறது. எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால்தான் சிக்கல். கடன் கேட்டுப் போனால் வங்கி மற்றவர்களின் சம்மதத்தைக் கேட்கும். நிலம் முழுவதையும் விற்பதானால் அண்ணன் தம்பிகளோடு, இறந்துபோன அத்தையின் வாரிசுகளும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். ஆயினும் அந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு உண்டு. நில அளவர் வந்து அளந்து, கல் நட்டு, உட்பிரிவு எண் கொடுத்துவிட்டால் அவரவர் பங்கு அவரவருக்கு.

பயிர் ரகத்தில் கல் நட முடியாது. இருவர் சேர்ந்து உருவாக்கிய நெல்லில் எந்த மணி யாருடையது என்று பிரிக்க வழியில்லை. ஒவ்வொரு மணியிலும் முழு ரகமும் இருக்கிறது. ஆகவே ரகத்தின் மீதான கூட்டுரிமை, இருக்கும் காலம் முழுவதும் கூட்டாகவேதான் இருக்கும். அத்தகைய உரிமைக்கு இந்தியாவில் விண்ணப்பிக்கலாம். அதைச் சட்டம் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. யார் கூட்டாளி, யார் வெறும் உதவியாளர் என்பதை எது தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதுவரையான பேச்சு இரண்டு தடங்களில் ஓடியிருக்கிறது. ஆராய்ச்சி நிறுவனங்களின் அறிவுசார் சொத்துப் பிரிவுகள் இதை ஒப்பந்தச் சிக்கலாக மட்டும் பார்க்கின்றன: சேர்ந்து வேலை செய்பவர்கள் முன்கூட்டியே எழுதிக்கொண்டால் போதும், சட்டத்துக்கு அங்கே வேலையில்லை. உழவர் உரிமை பற்றி எழுதுபவர்களோ விதையைச் சேமிக்கும் உரிமை, பயன் பகிர்வு, இழப்பீடு ஆகியவற்றிலேயே கவனம் செலுத்துகிறார்கள். ஒரு தடத்தில் உழவர் இல்லை. மற்றதில் உழவர் இருக்கிறார், ஆனால் உரிமையாளராக இல்லை, பயன் பெறுபவராக இருக்கிறார். இரண்டு தரப்பும் சட்டத்தின் வரையறைப் பிரிவைப் போதிய அளவு ஊன்றிப் படிக்கவில்லை என்பது என் எண்ணம்.

2. திறந்திருக்கும் கதவு

பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001-இல் நிறைவேறியது. அதை நடத்தும் ஆணையம் 2005 நவம்பரில் டெல்லியில் அமைந்தது. விண்ணப்பங்கள் 2007 முதல் பெறப்படுகின்றன. விண்ணப்பிக்கத் தகுதியுடையவர்களைப் பிரிவு 16 வரிசைப்படுத்துகிறது: ரகத்தை உருவாக்கியதாகக் கோருபவர், அவருடைய வாரிசு, அவரிடமிருந்து உரிமை மாற்றம் பெற்றவர், உழவர் அல்லது உழவர் குழு அல்லது உழவர் சமூகம், இவர்கள் சார்பில் அதிகாரம் பெற்றவர், பல்கலைக்கழகம் அல்லது அரசு நிதியில் இயங்கும் வேளாண் நிறுவனம். அதன் இரண்டாம் உட்பிரிவு, இவர்களில் எவரும் தனியாகவோ மற்றொருவருடன் கூட்டாகவோ விண்ணப்பிக்கலாம் என்கிறது.

இந்த வாசகத்தின் வீச்சு பெரிது. கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகமும் ஹைதராபாத் விதை நிறுவனமும் மட்டுமல்ல, ஒரு பல்கலைக்கழகமும் ஒரு கிராமத்து உழவரும் ஒரே படிவத்தில் அருகருகே பெயர் எழுதலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1994-ஆம் ஆண்டு விதிமுறையும் கூட்டு உருவாக்கத்தை ஏற்கிறது. ஒருவர் கண்டெடுத்து மற்றவர் மேம்படுத்தியிருந்தால்கூட இருவருக்கும் உரிமை என்று அதன் 11-ஆம் பிரிவு சொல்கிறது. நம் சட்டம் கண்டெடுப்பை அப்படித் தனியே பேசவில்லை. ஆனால் வேறொரு இடத்தில் அதைவிட அழுத்தமாகப் பேசிவிடுகிறது.

அந்த இடம் பிரிவு 2. உருவாக்குநர் என்பவர் ஒரு ரகத்தை வளர்த்தெடுத்த, பரிணமிக்கச் செய்த, மேம்படுத்திய தனியாளோ குழுவோ உழவரோ உழவர் குழுவோ நிறுவனமோ ஆவார் என்று (இ) உட்பிரிவு வரையறுக்கிறது. உழவர் என்பவர் யார் என்று சொல்லும் உட்பிரிவு, நிலத்தை உழுபவரோடு நிற்கவில்லை. பாரம்பரிய ரகங்களையும் காட்டினங்களையும் தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ பேணுபவரும், தெரிவு செய்தும் பயன்மிக்க பண்புகளை அடையாளம் கண்டும் அவற்றின் மதிப்பைக் கூட்டுபவரும் உழவரே. வயலில் நின்று வித்தியாசமான கதிரைப் பார்த்து, ஒடித்து, தனியே விதைத்துப் பார்க்கும் செயலுக்குச் சட்டம் தந்திருக்கும் பெயர் தெரிவு. அது உருவாக்கமும் ஆகுமா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

3. வீட்டுக்குள் சுவர் இல்லை

அதற்குமுன், கூட்டாகப் பதிவு செய்துவிட்டால் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம். காப்புரிமைச் சட்டம், 1970 இந்த இடத்தில் விரிவாகவே பேசுகிறது. மாறான ஒப்பந்தம் இல்லாதபோது இணை உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் சமமான, பிரிக்கப்படாத பங்கு. மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் தாமே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் உரிமம் கொடுக்கவோ பங்கை மாற்றவோ கூடாது. இது அதன் பிரிவு 50. பூசல் வந்தால் கட்டுப்பாட்டு அலுவலர் வழிகாட்டலாம் என்பது பிரிவு 51. பயிர் ரகச் சட்டத்தில் இவற்றுக்கு நேரான பிரிவு இல்லை. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே அறைகளைத் தடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இதன் விளைவை ஒரு கற்பனையில் பார்க்கலாம். பல்கலைக்கழகம் ஒன்றும் விதை நிறுவனம் ஒன்றும் சேர்ந்து ஒரு கத்தரி ரகத்தைப் பதிவு செய்கின்றன. விதையைக் குறைந்த விலையில் வேளாண் விரிவாக்க மையங்கள் வழியாகத் தரப் பல்கலைக்கழகம் விரும்புகிறது. நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. பிரிவு 28-இன்படி உருவாக்குநர் பிறருக்கு உற்பத்தி செய்யவும் விற்கவும் அதிகாரம் அளிக்கலாம். ஆனால் இங்கே உருவாக்குநர் யார்? இருவரும் தனித்தனியே உருவாக்குநர்கள் என்று படித்தால், பல்கலைக்கழகம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்த குழுவே ஓர் உருவாக்குநர் என்று படித்தால், ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் அசைய முடியாது.

இரண்டாவது வாசிப்பே சட்டத்தோடு பொருந்துவதாக நான் கருதுகிறேன். வரையறையே குழுவை ஓர் உருவாக்குநராகச் சொல்கிறது. அதோடு, உழவர் ரகம் ஒன்றிலிருந்து பெரிதும் அதன் சாரத்தையே கொண்ட இன்னொரு ரகத்தைப் பெற வேண்டுமானால், முன்னதைப் பேணியோ மேம்படுத்தியோ பங்களித்த உழவர்களின் சம்மதம் இல்லாமல் அதிகாரம் அளிக்கக் கூடாது என்று பிரிவு 43 தடுக்கிறது. கூட்டாக உண்டானதைக் கூட்டாகவே கையாள வேண்டும் என்ற மனப்போக்கு அங்கே தெரிகிறது. இந்த வாசிப்புக்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்: முரண்டு பிடிக்கும் ஒருவரால் ரகம் முழுவதும் முடங்கிவிடலாம். பதிவான 3 ஆண்டுகளுக்குப் பின், விதை போதிய அளவிலோ நியாய விலையிலோ கிடைக்கவில்லை என்றால் கட்டாய உரிமம் கோரலாம் என்ற பிரிவு 47 கைவசம் இருக்கிறது. அது சுத்தியல், திருகாணிக்கு அது உதவாது.

விற்பனைத் தேதி இன்னொரு பொறி. புதிய ரகமாகப் பதிவு பெற, விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்கு மேலாக அது இந்தியாவில் உருவாக்குநராலோ அவர் சம்மதத்தோடோ விற்கப்பட்டிருக்கக் கூடாது. வெளிநாட்டில் என்றால் மரம், கொடிகளுக்கு 6 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 4. கூட்டாளிகளில் ஒருவர், மற்றவருக்குத் தெரியாமல், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நாலு மூட்டை விற்றிருந்தால் இருவரின் புதுமையும் போகும் என்றே நான் படிக்கிறேன். நிறுவனங்களுக்கு இது அலட்சியத்தால் வரும் ஆபத்து. உழவருக்கு அப்படியில்லை, பக்கத்து வயல்காரர் கேட்டால் ஒரு மரக்கால் விதை கொடுப்பதே ரகம் பிழைக்கும் வழி. நல்ல விதை என்று ஊர் ஏற்றுக்கொண்டதற்கான சான்று, படிவத்தில் புதுமையை அழிக்கும் சான்றாக மாறிவிடக்கூடும். உழவர் ரகம், ஏற்கெனவே வழக்கிலுள்ள ரகம் ஆகியவற்றுக்குத் தனி வகைகள் வைத்ததன் காரணம் இதுதான்.

4. கரும்பின் பெயரில் ஓர் உடன்படிக்கை

கூட்டு உருவாக்கத்தைப் பதிவு செய்ய நமக்குச் சட்டம் வருவதற்கு முன்பே ஒரு வழக்கம் இருந்தது. அது கரும்பில்.

கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் வெள்ளைக் கரும்பை உள்ளூர் நாணலோடு கலந்ததிலிருந்து கோ 205 வந்தது. பெயரிலுள்ள ‘கோ’ கோயம்புத்தூரைக் குறிக்கும். கரும்பு இங்கே நன்றாகப் பூத்து, முளைக்கும் விதை தருகிறது. வட மாநிலங்களில் அப்படிப் பூப்பதில்லை. அதனால் நாட்டின் பல ஆராய்ச்சி நிலையங்களுக்கான கலப்புகள் இங்கேயே செய்யப்பட்டு, பஞ்சு போன்ற விதை அந்தந்த ஊருக்குப் போகிறது. அங்கே நாற்றாக்கி, ஆண்டுக்கணக்கில் வடிகட்டி, தம் மண்ணுக்கு ஒத்ததைப் பொறுக்குகிறார்கள். அப்படி வந்த ரகத்தின் பெயரில் இரண்டு ஊர்களும் இருக்கும். கடலூரில் தெரிவானது கோசி 671. ‘சி’ கடலூரின் ஆங்கில முதலெழுத்து. லக்னோவில் தெரிவானது கோஎல்கே 8102. தமிழ்நாட்டு ஆலைப் பகுதிகளில் நெடுங்காலம் நின்ற கோ 86032-இன் பெற்றோரில் ஒன்று அந்த 671. உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தைப் பிடித்துக்கொண்ட கோ 0238-இன் பெற்றோரில் ஒன்று அந்த 8102.

இந்தப் பெயரிடல் வெறும் மரியாதை அல்ல, ஒரு வாதம். கரும்பின் மரபமைப்பு மிகக் கலவையானது. ஒரே கலப்பிலிருந்து முளைத்த ஆயிரம் நாற்றில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. கலப்பு செய்தவர் தருவது வாய்ப்பு மட்டுமே. அதில் ஒரு நாற்றைக் கண்டு, கரணை வெட்டி நட்டு, நோய்க்கும் வறட்சிக்கும் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்த பிறகே ரகம் என்று ஒன்று உண்டாகிறது. கடலூர்க்காரர்கள் கலப்பு செய்யவில்லை, பொறுக்கினார்கள். அந்தப் பொறுக்கலுக்குப் பெயரில் ஓர் எழுத்து உரியது என்பதை அறிவியல் உலகம் மறுக்கவில்லை.

ஆனால் பெயர் புகழைத்தான் பங்கிடுகிறது, உரிமையை அல்ல. விதைச் சட்டத்தின்கீழ் முன்பே அறிவிக்கப்பட்ட ரகங்களைப் பொறுத்தவரை, உருவாக்குநரோ வாரிசோ தம் உரிமையை நிறுவாதபோது மத்திய அரசே உரிமையாளராகக் கருதப்படும்; ஒரு மாநிலத்துக்கோ பகுதிக்கோ அறிவிக்கப்பட்டதானால் மாநில அரசு. பிரிவு 28-இன் இந்த விதிவிலக்கு, யார் உருவாக்கினார்கள் என்பதற்குப் பதிலாக எங்கே பயிரிட அறிவித்தார்கள் என்று பார்க்கிறது. இரண்டு ஊர்ப் பெயரைச் சுமக்கும் கரும்பு, உரிமைப் பதிவேட்டில் ஒற்றை உரிமையாளரின் பெயரில் போய்ச் சேரலாம். இரு தரப்பும் அரசுப் பணத்தில் இயங்குவதால் இதற்காக யாரும் நீதிமன்றம் போகப்போவதில்லை.

5. கடிகாரத்தின் பெயர்

மகாராட்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் நாந்தேடு என்ற சிற்றூர். 1983-இல் தாதாஜி கோப்ரகடே என்ற சிறு உழவர், படேல் 3 என்ற நெல் விளைந்த வயலில் சில கதிர்கள் மட்டும் வேறாக நிற்பதைக் கவனித்தார். அவற்றைத் தனியே எடுத்து ஆண்டுதோறும் பெருக்கினார். மெல்லிய, வாசனையான அரிசி. சந்தைக்கு வந்தபோது வணிகர் ஒருவர் அன்று புகழ் பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரை வைத்துவிட, அது எச்.எம்.டி. நெல் ஆனது. 1994-இல் அகோலாவிலுள்ள பஞ்சாப்ராவ் வேளாண் பல்கலைக்கழகம் அவரிடமிருந்து விதை பெற்றது. தூய்மைப்படுத்தி 1998-இல் பிகேவி-எச்எம்டி என்று வெளியிட்டது. கோப்ரகடே விருதுகள் பெற்றார், வறுமையிலும் இருந்தார், 2018 ஜூனில் இறந்தார்.

இந்தக் கதை திருட்டுக் கதையாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படிச் சொல்வது எளிது; ஆனால் அதனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி தப்பிவிடுகிறது. பல்கலைக்கழகம் ஒன்றுமே செய்யவில்லை என்று வாதிட நான் தயாரில்லை. கலப்புகளை நீக்கித் தூய வழியைப் பிரிப்பது உண்மையான உழைப்பு. சீர்மையும் நிலைத்தன்மையும் கேட்கும் சோதனையில் அதற்கு இடமுண்டு. கேட்க வேண்டியது இதுதான்: கடலூர் செய்தது உருவாக்கம் என்றால் நாந்தேடில் நடந்தது என்ன? கடலூருக்கு வாய்ப்பைக் கொடுத்தது கோயம்புத்தூர்க் கலப்பு. கோப்ரகடேவுக்கு அதைக் கொடுத்தது இயற்கை. கண்டு, பிரித்து, பல பருவம் பார்த்து நிலைநிறுத்தியது இரண்டு இடத்திலும் ஒன்றே. படிப்பும் சம்பளமும் வேறு என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பெயரைக் கவனியுங்கள். கோசி 671-இல் இரு பங்காளிகளும் இருக்கிறார்கள். பிகேவி-எச்எம்டியில் முதல் பாதி பல்கலைக்கழகம். இரண்டாம் பாதி கடிகாரம். உழவர் எங்கும் இல்லை.

இன்றைய சட்டம் அன்று இருந்திருந்தால்? வரையறைப் பிரிவை நேர்மையாகப் படித்தால் இருவரும் கூட்டு விண்ணப்பதாரர்களாக இருந்திருக்க முடியும். ஆனால் நடைமுறையின் சாய்வு வேறு. விண்ணப்பத்தோடு, ரகத்தின் பெற்றோர் வழி பற்றிய தகவலையும், எந்த உழவர், கிராமச் சமூகம், நிறுவனம் பங்களித்தது என்பதையும் தர வேண்டும் என்கிறது பிரிவு 18. அந்த வரிசையில் உழவர் பெயரை எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று ஒரு நிறுவனம் எண்ணலாம். அதன்பின் பிரிவு 26-இன்கீழ் பயன் பகிர்வு, பிரிவு 41-இன்கீழ் சமூகத்துக்கு இழப்பீடு. பணம் தேசிய மரபணு நிதியத்தின் வழியாக வரும். முதல் பக்கத்தில் விண்ணப்பதாரராக நிற்பதற்கும் உள்பக்கத்தில் பங்களித்தவராக நிற்பதற்கும் உள்ள தூரம், நிலச் சொந்தக்காரருக்கும் வாரதாரருக்கும் உள்ள தூரம். வாரதாரருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. யாருக்கு விற்பது என்பதில் சொல் இல்லை.

6. எவ்வளவு பின்னால் போவது?

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. பங்களித்த எல்லோரையும் கூட்டாளி ஆக்கினால் பட்டியலுக்கு முடிவே இருக்காது. வெள்ளம் தாங்கும் நெல்லை எடுத்துக்கொள்வோம். சப்1 என்ற மரபணு, ஒடிசாவின் பாரம்பரிய நெல்லிலிருந்து தெரிவான எஃப்ஆர் 13ஏ என்ற வழியிலிருந்து வந்தது. 2006-இல் அது இன்னதென்று அறிவியலாளர்கள் அடையாளம் காட்டினர். 2009-இல் ஸ்வர்ணா சப்1 இந்தியாவில் வெளியானது. பின்னர் சிஆர் 1009 சப்1 காவிரிக் கழிமுகத்துக்கும் வந்தது. மூழ்கியும் அழுகாத பண்பு முழுவதும் ஒடிசா உழவர்கள் பேணியது. ஆனால் அவர்களுக்கு இன்றைய ரகத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வாய்த்ததில்லை.

என் கோடு இங்கேதான் விழுகிறது. குறிப்பிட்ட ஒரு ரகத்தை ரகமாக்கிய தெரிவில் கைவைத்தவர் கூட்டாளி. அந்த ரகத்துக்குப் பண்பைத் தந்த முந்தைய விதையைப் பேணியவர் பயன் பகிர்வுக்கு உரியவர். எஃப்ஆர் 13ஏ இரண்டாம் வகை, எச்.எம்.டி. முதல் வகை. இடையில் விழும் நிகழ்வுகளும் இருக்கும், சண்டையும் வரும். பங்கேற்பு முறையில் நடக்கும் ரக உருவாக்கத்தில், ஆராய்ச்சியாளர் கொண்டுவரும் இருபது வழிகளில் ஐந்தை ஊர்ப் பெண்கள் சமைத்துப் பார்த்துத் தேர்வதுண்டு. அது கருத்துக் கணிப்பா, தெரிவா? அடுத்த தலைமுறைக்கு எதை விதைப்பது என்பதை அவர்களின் முடிவு மாற்றியிருந்தால் அது தெரிவு என்பேன்.

7. கையெழுத்துச் சங்கிலி

கூட்டு விண்ணப்பம் கொள்கையில் சரியாக இருந்தும் காகிதத்தில் கவிழலாம். எஃப்எல் 2027 உருளைக்கிழங்கு அதற்குப் பாடம். அதை உருவாக்கியவர் பெப்சிகோ குழுமத்தின் அமெரிக்க நிறுவனத்தில் பணியாற்றியவர். விண்ணப்பித்தது இந்திய நிறுவனம். 2016-இல் பதிவு கிடைத்தது. 2019-இல் குஜராத் உழவர்கள் மீது வழக்குத் தொடுத்து, எதிர்ப்புக் கிளம்பியபின் நிறுவனம் பின்வாங்கியது. உழவர் உரிமை ஆர்வலர் கவிதா குருகந்தியின் மனுவை ஏற்று ஆணையம் 2021 டிசம்பரில் பதிவை ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில், விண்ணப்பிக்கும் உரிமையைக் காட்டும் ஆவணங்கள் முறையாக இல்லை என்பதும் ஒன்று. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை உறுதி செய்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து உத்தரவை விலக்கியது.

ஒரே குழுமத்துக்குள், வழக்கறிஞர் படையோடு, ஓர் உருவாக்குநரின் உரிமை கைமாறிய தாளுக்கே இத்தனை வழக்கு. பலர் சேர்ந்த விண்ணப்பத்தில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு சங்கிலி உண்டு: பணியாளரிடமிருந்து நிறுவனத்துக்கு, இறந்தவரிடமிருந்து வாரிசுக்கு, குழுவிலிருந்து பிரதிநிதிக்கு. தவறான தகவல், தகுதியற்றவருக்கு அளித்த பதிவு ஆகியவை பிரிவு 34-இன்கீழ் ரத்துக்கான காரணங்கள். ஒரு கண்ணியின் பழுது எல்லோருடைய பதிவையும் கேள்விக்குள்ளாக்கும்.

உழவர் ரகத்துக்குச் சட்டம் சில சலுகைகளைத் தருகிறது. பிரிவு 44 எல்லாக் கட்டணங்களிலிருந்தும் உழவருக்கு விலக்கு அளிக்கிறது. ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுத் தலைவரோ செயலாளரோ, மாவட்ட வேளாண் அலுவலரோ, பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநரோ, மாவட்டப் பழங்குடியினர் நல அலுவலரோ சான்று தந்தால் விண்ணப்பம் செல்லும். ஆனால் உழவரும் நிறுவனமும் சேர்ந்து வரும் கலப்பு விண்ணப்பத்தைப் பற்றி 44-இன் வாசகம் பேசவில்லை. விலக்குப் போய்விடும் என்ற அச்சமே உழவர்களைத் தனி விண்ணப்பத்தின் பக்கமும், நிறுவனங்களைத் தனி விண்ணப்பத்தின் பக்கமும் தள்ளப் போதுமானது.

8. ஆறாம் ஆண்டு

சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் விதிகளின் அளவிலேயே செய்யக்கூடியவை உண்டு. காப்புரிமைச் சட்டத்தின் 50-ஐப் போல, ஒப்பந்தம் இல்லாதபோது எது பொருந்தும் என்று சொல்லும் ஒரு விதி வேண்டும். அதை அப்படியே பெயர்த்துவைக்கக் கூடாது. கணக்குக் காட்டாமல் தாமே பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு, விதை ஆலை வைத்திருக்கும் கூட்டாளிக்கு லாபம்; இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் கூட்டாளிக்கு வெறும் எழுத்து. உழவர் இணை உரிமையாளராக உள்ள ரகங்களில் விற்பனைக் கணக்கு காட்டும் கடமையை நிறுவனத்தின் மேல் வைப்பதே நியாயம். விண்ணப்பப் படிவத்தில், தெரிவின் ஒவ்வொரு கட்டத்தையும் எந்த ஊரில் யார் செய்தார் என்று எழுத ஒரு பக்கம் ஒதுக்கினால், யார் முதல் பக்கத்துக்கு வர வேண்டியவர் என்பது பதிவாளருக்கே தெரிந்துவிடும்.

மிகக் கடினமானது குழுவின் ஆயுள். நெல்லுக்குப் பதிவுச் சான்று முதலில் 6 ஆண்டுகளுக்கு. பின் புதுப்பித்து மொத்தம் 15 ஆண்டுகள் வரை நீட்டலாம். நாற்பது உழவர்கள் சேர்ந்து, ஒரு பல்கலைக்கழகத்தோடு பதிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். ஆறாம் ஆண்டு புதுப்பிக்கும்போது பல்கலைக்கழகத்தின் பதிவாளர் மாறியிருப்பார், கையெழுத்து மாறாது, பதவிக்கு மரணமில்லை. நாற்பது பேரில் சிலர் இறந்திருப்பார்கள். சிலர் நிலத்தை விற்றுத் திருப்பூருக்குப் போயிருப்பார்கள். அந்த ரகத்தை இப்போது உண்மையில் விதைத்துப் பேணுவது, பட்டியலில் பெயரே இல்லாத மருமகள்களாக இருக்கலாம். நபர்களின் பட்டியலாக இல்லாமல், உழவர் சமூகம் என்று பிரிவு 16 தரும் சொல்லைப் பயன்படுத்தி ஊராட்சியின் பல்லுயிர்க் குழு வழியாகப் பதிவு செய்தால் இந்தக் கையெழுத்துத் தொல்லை குறையும். அப்போது அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் யார், விதைப்பவர் யார் என்ற கேள்வி ஊருக்குள் வந்து சேரும். அங்கேயாவது அதைக் கேட்க ஆள் இருப்பார்கள்.